மேப்பிள் இலையில் மாமி

கைவேலையில் திடீர் ஆர்வம் வந்த தகப்பனைவிட ஆபத்தான பிராணி ஆஸ்திரேலியாவில் இல்லை. (பாம்பு, சிலந்தி, முதலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன்.) மற்றவை கடிக்கும், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

டார்னெய்ட்டில் எங்கள் பக்கத்து வீடு காலியாகி விற்பனைக்கு வந்திருந்தது. சிட்னியில், கிரவீனில் இருக்கும் தன் அக்காவை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று என் மனைவி சுமதி துடித்தாள். அக்காவுக்கும் அத்தானுக்கும் சம்மதம். அத்தானின் அம்மா 'ஓம்' சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த மாமி அக்காவோடு சனிக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

"நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தால் காணும்," என்றாள் சுமதி.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குக் கைவராத கலை. வெள்ளிக்கிழமை என் மகள் ஆரணி தெருவில் கொட்டிக் கிடந்த மேப்பிள் இலைகளைப் பொறுக்கி வந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். புள்ளி, கோடு, வானவில். எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு இலையிலும் ஒரு சொந்தக்காரரின் முகம் கீறி, குடும்ப மரம் செய்வோம் என்று தூரிகையைப் பிடுங்கிக்கொண்டேன். முதலில் கண்கள். வெள்ளை வட்டம், நடுவில் கறுப்பு.

"அப்பா, திஸ் இஸ் கிரீப்பி," என்றாள் ஆரணி.

நல்ல ஓவியத்தைக் கண்டால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன்.

வரப்போகிறவர் என்பதால் மாமியின் இலைக்கு விசேஷ கவனம். நெற்றியில் திருநீறு. சிவப்பு வர்ணம் தீர்ந்துபோனதால் உதட்டுக்குக் குங்குமத்தைக் குழைத்துப் பூசினேன். அது கொஞ்சம் தாடைவரை வழிந்தது. அந்தத் தாடையில் மாமிக்கு ஒரு மச்சம் உண்டு. வர்ணத்தில் எடுபடவில்லை. கறுப்புத் தலைக் குண்டூசி ஒன்றைக் குத்தினேன். அசல் மாமி.

பின்பக்கம் பெயர் எழுதச் சொன்னாள் ஆரணி. வெறும் பெயர் மொட்டையாகத் தெரிந்தது. கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லி எல்லோருடைய நட்சத்திரமும் எங்களுக்கு மனப்பாடம். அதையும் எழுதினேன். பிறகு எல்லா இலைகளையும் கறுப்பு நூலில் கோத்து, பின்புறத்து உடுப்புக் கொடியில் காயவிட்டோம். (வீட்டில் வேறு நிற நூல் இருக்கவில்லை.)

மாலையில் எட்டிப் பார்த்தேன். காயக் காய இலைகள் சுருண்டிருந்தன. நான் சிரிக்க வைத்த சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொடி அசைந்தபோது அத்தனை கண்களும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. திரைச்சீலையை இழுத்து மூடினேன். (குளிருக்காக.)

இருட்டியதும் காற்று எழுந்தது. பக்கத்து வீட்டின் பின்கதவில், முன்பு இருந்தவர்கள் நாய் போய்வர வைத்த சின்னக் கதவொன்று உண்டு. அது டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆளில்லாத வீட்டுக்குள் யாரோ ஒவ்வொருவராக நுழைவதுபோல.

காலையில் கொடியில் அறுந்த நூல்தான் இருந்தது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வெளியே பனிமூட்டம். வீட்டு முகவர் கதவைத் திறந்தபோது உள்ளே ஏதோ சரசரத்து அடங்கியது. உள்நடைக் கம்பளத்தில் என் சொந்தங்கள் எல்லோரும் மல்லாந்து கிடந்து எங்களைப் பார்த்தார்கள். முகவர் சிரிக்கப் பார்த்து, நடுவில் நிறுத்திக்கொண்டார்.

மாமி அவர்களைத் தாண்டி நடந்தார். சாமியறைக்குத் தோதானது என்று சுமதி போனில் புகழ்ந்திருந்த சின்ன அறைக்குள் போனார். அங்கே தரையின் நடுவில் தனியாக ஓர் இலை.

மாமி குனிந்து எடுத்தார். "பிள்ளை, இது ஆர்?"

அக்கா இலையைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். "ஒருத்தருமில்லை, மாமி."

மாமி இலையைத் திருப்பி வாசித்தார். "என்ரை பேர். என்ரை நட்சத்திரம்." மறுபடி திருப்பினார். "கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறன்."

நான் திறந்த கண்கள்தான் வரைந்திருந்தேன். இலை சுருண்டதில் மூடியிருக்கலாம்.

"நான்தான் மாமி கீறினனான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பிடியே உங்களைப்போல வரவேணும் எண்டுதான் ஊசியும் குத்தினனான்."

"நீர் குத்துவீர் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு, தம்பி."

ஊசியைப் பிடுங்கக் கை நீட்டினேன். "தொடாதையும்," என்றார் மாமி. பின்கதவு டக் என்றது. "எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். கவனமா வைச்சிரும்."

அன்று பின்னேரமே அவர்கள் சிட்னிக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

"அக்கா பக்கத்திலை வந்தால் உங்களுக்குக் கரைச்சல் எண்டுதானே செய்தனீங்கள்?" என்று சுமதி இன்றும் கேட்கிறாள். அவ்வளவு திட்டமிட்டு ஒரு காரியத்தை முடிக்கக்கூடியவன் என்று அவள் என்னை மதித்தது அந்த ஒரு முறைதான்.

மாமியின் இலை இப்போது எங்கள் அலுமாரியில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. கிரவீனில் மாமிக்கு முழங்கால் பிடித்தால் அக்கா போன் எடுத்து, "உன்ரை மனுசனை ஒருக்கா டப்பாவைப் பார்க்கச் சொல்லு," என்பாள். இரண்டு நகரத்திலும் சிரிப்பார்கள். நான் போய்த் திறந்து பார்த்துவிட்டு, "மாமி நல்லா இருக்கிறா," என்பேன். சற்று நேரத்தில் வலி விட்டுவிடுமாம்.

இந்தப் பகிடிக்குச் சிரிக்காதவர்கள் குடும்பத்தில் இரண்டே பேர். மாமியும் நானும்.