இல்லாத பக்கத்தைத் திருப்பியது தொடர்பாக

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முழுவதையும் படித்துவிட்டு அது சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் இட்ட உத்தரவு இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "மாப்பிள்ளை, உங்க பொண்ணு யார் கூடவோ சேர்ந்து டமடமன்னு என்னமோ வாசிக்கிறாளாம். நேர்ல போய்ப் பாருங்க. சனிக்கிழமை காலையில தேர்வு. அந்த நாற்காலி அவளுக்குத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் மானத்தைக் காப்பாத்துங்க" என்றீர்கள். நானும் "ஆகட்டும் மச்சான்" என்றேன். சிம்பனிக் குழுவில் உங்கள் பக்கத்து நாற்காலியில் தற்காலிகமாக ஆறு வருடம் உட்கார்ந்த பெண் அதிலேயே நிரந்தரமாக உட்கார வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான் காலமெல்லாம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், உள்ளே ஏறிப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை, அதனால் செவ்வாய்க்கிழமை மாலை கிளம்பிவிட்டேன், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

இவள் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கும் இடம் ஒரு டயர் கடையின் மாடி. லிஃப்ட் கிடையாது. வயலினுக்குப் பெரியப்பா முறையில் நிற்கும் அந்தச் செல்லோவை என் மகள் முதுகில் சுமந்து அந்தக் குறுகிய படியில் ஏறுவதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது, நான் கீழிருந்து தாங்கிப் பிடிக்கிறேன் என்று போய்ப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன், கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து என்னை உருவி எடுத்தார். இவர் பெயரே 'பஞ்சர்'தான், மேலே வந்தால் இவர்தான் டிரம்ஸ். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் ஒரு பெண், பகலில் பல் மருத்துவரிடம் வேலை, வாயைத் திற என்று ஊருக்கே சொல்பவள் தானும் திறந்துதான் பார்ப்போமே என்று பாட வந்தாளாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

உங்கள் மருமகள் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதல் நாள் இவள், "நான் எந்த இடத்துல நுழையணும்?" என்று கேட்டிருக்கிறாள். "தோணும்போது நுழைங்க" என்றிருக்கிறார் பஞ்சர். சிம்பனியில் குச்சி பிடித்து நடத்தும் பெரியவர் கண்ணைக் காட்டினால்தானே இவள் மூச்சே விடுவாள்? இங்கே யாரும் கண்ணைக் காட்டவில்லை, இவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை, வில்லைத் தூக்கிப் பிடித்தபடி பாட்டு முழுக்கக் காத்திருந்து, அவர்கள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது தனியாக ஆரம்பித்தாளாம். அடுத்த நாள் நேரத்துக்கு நுழைந்துவிட்டாள். அதற்குள் இன்னொரு புகார். "ரொம்பச் சுத்தமா இருக்கு, கொஞ்சம் அழுக்காக்குங்க" என்றார்களாம். கை கழுவாமல் வில்லைத் தொடாத பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது! சத்தத்தை எப்படி அழுக்காக்குவார்கள் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் கரண்டியால் பாத்திரத்தை முதலில் சுத்தமாகவும் பிறகு அழுக்காகவும் தட்டிப் பார்த்தேன். உங்கள் தங்கை, "ஓய்வூதியம் வாங்குற ஆளு பண்ற வேலையா இது?" என்றாள். ஆனால் வித்தியாசம் இருக்கிறது மச்சான், நீங்களும் தட்டிப் பாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்த அன்று பாட்டு நன்றாகச் சூடு பிடித்துப் போய்க்கொண்டிருந்தது, என் காலே என்னைக் கேட்காமல் ஆடியது, அப்போது நடுவில் உங்கள் மருமகள் சட்டென்று வாசிப்பை நிறுத்தினாள். கையை முன்னால் நீட்டினாள். காற்றில் எதையோ பிடித்துப் புரட்டினாள். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி வாசித்தாள். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பஞ்சர் அந்த இடைவெளியில் ஒரே ஒரு அடி அடித்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஐயா, அது கெட்ட பழக்கம்னு முதல்ல நாங்களும் திட்டினோம். இப்ப அந்தப் பாட்டே அந்த இடத்துலதான் நிக்குது" என்றார்.

நான் விடுவேனா? ஓய்வு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் செல்லோவை மடியில் சாய்த்து வைத்து, அறுந்த தந்தியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, முன்னாடி காகிதமே இல்லையே, எதைத் திருப்பின?"

"மாமாவோட பக்கத்தைத்தான்பா."

"இங்க எங்கம்மா மாமா?"

"நோட்டு வைக்க ரெண்டு பேருக்கு ஒரே ஸ்டாண்டுப்பா. உள்பக்கம் உட்கார்ந்திருக்கறவங்கதான் திருப்பணும். நான் நிறுத்திட்டுத் திருப்புவேன், மாமா விடாம வாசிப்பார். ஆறு வருஷமா கை அப்படியே பழகிடுச்சு." புதுத் தந்தியை உறையிலிருந்து உருவி எடுத்தாள். "நான் எத்தனையோ பெரிய பெரிய சிம்பனி வாசிச்சிருக்கேன்ல? எல்லாத்துலயும் ஒவ்வொரு பக்கத்தோட கடைசி வரியும் நான் வாசிச்சதே இல்லப்பா. பக்கத்துல கேட்டதுதான்."

மச்சான், இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து எத்தனை கச்சேரி கேட்டிருக்கிறேன்! பக்கம் திருப்பும்போதெல்லாம், ஆகா என்ன நேர்த்தி, காகிதம் சரசரக்கவே இல்லையே என்று உங்கள் தங்கையின் காதில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேனே தவிர, அந்த நேரத்தில் என் மகள் வாசிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நீங்களும் தவறு செய்யவில்லை. வாசிப்பு நிற்கக் கூடாது, ஒருவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும், அது உங்கள் தொழில் முறை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் கொடுத்த வாக்கு இருக்கிறதே! மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "அதெல்லாம் சரிம்மா, நிரந்தர வேலை கிடைக்கறது குதிரைக் கொம்பு, சனிக்கிழமை தேர்வுக்குப் போயிடலாம், மாமா மானத்தை வாங்கிடாதே" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனம் சம்மதம். ஆகவே சனிக்கிழமை காலை அவளை நானே அழைத்து வருகிறேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள். டயர் கடை விவகாரம் இத்துடன் முடிந்தது.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசியும். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் தங்கையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து, "என்னப்பா எழுதினீங்க?" என்று வாங்கிப் படித்துவிட்டாள். அன்று அவள் பேசாததற்குக் காரணம் சம்மதம் இல்லையாம், புதுத் தந்தியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாளாம். சனிக்கிழமை காலை வருவாள், ஆனால் தேர்வுக்கு அல்ல. அந்த நாற்காலி வேண்டாம் என்று குச்சி பிடிக்கும் பெரியவரிடம் அவளே நேரில் சொல்லப் போகிறாள். நான் தடுக்கவில்லை. கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், அவள்மேல் வேண்டாம். அன்று மாலை டயர் கடை முற்றத்தில் அவர்கள் கச்சேரி. அந்தப் பாட்டில் இன்னொரு செல்லோ சேர்க்க வேண்டும் என்று பஞ்சர் துடிக்கிறார். பக்கம் எப்போது முடியும் என்று பக்கத்தில் வாசிப்பவளின் மூச்சை வைத்தே சொல்லக்கூடியவர் மாமா ஒருவர்தான் என்கிறாள் இவள். உங்கள் செல்லோவை எடுத்துக்கொண்டு அவசியம் வர வேண்டும். படியில் தூக்கும் வேலை இல்லை, நானும் உதவிக்கு வர மாட்டேன். ஸ்டாண்டு வேண்டாம், காகிதமும் வேண்டாம். அந்த இடம் வந்ததும் நீங்கள் வில்லை நிறுத்திவிட்டுக் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பினால் போதும். கடைசி வரியை அவள் வாசித்துக்கொள்வாள்.