ஹலீம் மாஸ்டரின் முன்னறையும் ஒரு ஸ்பானியச் சொல்லும்

முன்னறையை மட்டும் கொடுப்பதில்லை என்று ஹலீம் மாஸ்டர் முடிவெடுத்துவிட்டார்.

மகள் இன்ஷிராவுக்கு நிக்காஹ். ஏறாவூர் வழக்கப்படி வீடு மகளுக்கு. பெற்றவர்கள் பின்வளவில் உள்ள சிறிய வீட்டுக்கு. போகட்டும். ஆனால் அவருடைய புத்தக அலுமாரிகள் நிற்கிற முன்னறையில் மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்கப்போகிறதாம். அநியாயம்! எந்த நாகரிகம் இதைப் பொறுக்கும்?

மாஸ்டர் கைபேசியில் ஸ்பானிய மொழி படிக்கிறவர். எதிர்ப்பை ஒரே சொல்லில் பலகையில் எழுதி அறை வாசலில் அறைந்தார்: த்ரான்கீலா.

"இதென்ன, மருந்துக் குளிசைட பேரா?" என்றாள் மனைவி றபீக்கா.

"பெயரடை! அமைதியான என்டு அர்த்தம். கடலுக்குச் சொன்னா அலையில்லாத கடல். மனச்சாட்சிக்குச் சொன்னா உறுத்தலில்லாத மனச்சாட்சி. ஆம்புளைக்கு த்ரான்கீலோ. அறையும் ஊடும் அந்தப் பாசையில பெண்பால், அதால த்ரான்கீலா."

"ஊடு பொம்புளைட என்டு நம்மட ஊருலயும் தெரியுமே. ஊட்டு உறுதிப்பத்திரம் ஆர்ட பேருல கிடக்கு?"

அது றபீக்காவின் பெயரில்தான் என்பதால், மாஸ்டர் கோணாத பலகையை நேராக்கத் தொடங்கினார்.

"சரி, கோவத்தில துள்ளுற ஆம்புளைக்கு என்ன சொல்லுவாங்க?"

கல்யாணமாகி முதல் தடவையாக அவள் இலக்கணம் கேட்கிறாள்! மாஸ்டர் குளிர்ந்துபோனார். "அவனுக்கும் த்ரான்கீலோதான். பதறாத என்டு அர்த்தம். கேட்ட உடனே வாயை மூடிரணும். அதுதான் படிச்சவன்ட மரியாதை."

றபீக்கா சொல்லை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் ஆசியா உம்மா வீடு பார்க்க வந்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "முன்னறை விசயமா நான் ஒன்டு சொல்லணும்..."

"த்ரான்கீலோ," என்றாள் றபீக்கா.

மாஸ்டரின் வாய் தானாக மூடிக்கொண்டது. தன் பாடத்தைத் தானே மீறுகிற வாத்தியார் இல்லை அவர்.

"அதென்ன மச்சி?" என்று சம்பந்தியைக் கேட்டார் ஆசியா உம்மா.

"ஸ்பெயின் பாசை. மனசில உறுத்தலில்லாத ஆம்புளை என்டு அர்த்தம். இன்ஷிராட வாப்பாதான் படிப்பிச்சுத் தந்தவர். முன்னறையச் சந்தோசமாக் குடுக்காரு."

"மாஷா அல்லாஹ்! எவ்வளவு பெரிய மனசு!"

"நானா? சந்தோசமாவா?" மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பினார்.

"த்ரான்கீலோ!" இந்த முறை சொன்னது ஆசியா உம்மா. கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். ஆசியா உம்மா வாசலை அண்ணாந்து பார்த்தார். "பலகை வடிவா இருக்கு மச்சி. கழட்டுவீங்களா?"

"என்னத்துக்கு?" என்றாள் றபீக்கா. "அதுவும் சீதனத்தோடதான்."