முன்வாசல் விருந்தாளி

இந்த ஜென்மத்தில் மனைவியோடு அந்தப் பெரிய ஹோட்டல் வாசலை மிதிப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தார். காபி ஆறுவதற்குள் சபதம் ஆட்டம் கண்டது.

"ஏங்க, கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. சிட்டியில நீங்க வழக்கமா தங்குவீங்களே, அந்த ஹோட்டல்லயே ரெண்டு நாள் தங்குவோம்."

வழக்கமா! மனுஷனுக்குப் புரை ஏறியது. மாதம் இரண்டு நாள் வேலைக்காக அங்கே போவது உண்மை. பன்னிரண்டாவது மாடி, பஞ்சு மெத்தை, குளியல்தொட்டி, சலாம் போடும் வாட்ச்மேன் என்று வீட்டில் அளந்ததெல்லாம் புளுகு. நுழைவது பின்வாசல். படுப்பது மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் ரூமில், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு. புது மாப்பிள்ளை ஜோரில் விட்ட புளுகு அது. உண்மையைச் சொல்ல வெட்கம். இத்தனை வருஷம் சொல்லாததை நினைத்தால் அதைவிட வெட்கம்.

"அது வேணாம். அந்த மெத்தையில படுத்தா முதுகு போயிடும்."

"தரையில படுத்துக்கறேன்."

"குளியல்தொட்டி வழுக்கும்."

"வாளியில குளிச்சுக்கறேன்."

"சாப்பாடு வாயில வைக்க வெளங்காது."

"அதைச் சாப்பிட்டா இந்தத் தொப்பை வந்துச்சு?"

கைவசம் வேறு சரக்கில்லை. வாய்க்கு வந்ததை உளறினார்.

"லிஃப்ட்! அந்த லிஃப்ட்டை நம்பவே முடியாது. எப்ப நடுவுல நிக்குமோ!"

வீட்டம்மா அவரையே ஒரு கணம் பார்த்தாள். "அப்படியா?" என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பெட்டி தயாராக நின்றது.

"ரூம் போட்டாச்சு. லிஃப்ட்டைப் பத்தியும் போன்ல சொல்லிட்டேன். சரி பண்ணிடுவாங்களாம்."

கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் போய் இறங்கினார். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில், "அண்ணே, உங்க வழி அந்தப் பக்கம்," என்று பின்பக்கம் கை காட்டினார். உள்ளேயிருந்து மேனேஜர் ஓடி வந்தார்.

"நல்லவேளை வந்தீங்க மெக்கானிக்! லிஃப்ட் நடுவுல நிக்குதாம், ஒரு அம்மா போன் பண்ணாங்க. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டாச்சே!"

அவமானத்தில் காது ஜிவ்வென்று சுட்டது. பக்கத்தில் மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பளிங்குத் தரையைப் பார்த்தே கேட்டார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"உங்க சட்டையைத் துவைக்கறது யாரு? முதல் மாசமே பையில பின்வாசல் பாஸ் இருந்துச்சு. முதுகுல அட்டைப்பெட்டி எழுத்து ஒட்டியிருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

பெட்டியைத் திறந்து, தேய்த்து மடித்த யூனிஃபார்மையும் ஸ்பானரையும் அவர் கையில் வைத்தாள். ரிசப்ஷனில் வாங்கிய பன்னிரண்டாவது மாடிச் சாவியோடு லிஃப்ட்டுக்குள் போய் நின்றாள்.

"நம்பி ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம்," என்றார், குனிந்த தலை நிமிராமல்.

"எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியணும்ல? இங்க இருக்கற மத்த மூணு லிஃப்ட்டையும் பிரிச்சுப் பாத்துட்டு மெதுவா வாங்க."

போன வாரம் அவரே எண்ணெய் போட்ட கதவு, சத்தமே இல்லாமல் அவர் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது.