குழலுக்கு ஒரு துணை

"ஏன் இன்பா, நடுவுல கொட்டுச் சத்தம் வருது?"

"தாள்ல ஆறுன்னு போட்டிருக்கே. எங் கீபோர்டுல ஆறாம் நம்பர் கரகாட்டக் கொட்டு. அடுத்தாப்புல ஏழு வருது பாரு, அது டிஸ்கோ."

சத்யபிரியா மரக்குழலை மடியில் வைத்துவிட்டு விளக்கினாள். அது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சொனாட்டா. குழல் வாசிப்பவருக்கு எல்லாச் சுரங்களும் தாளில் உண்டு. துணைக்காரருக்கோ இடக்கை வாசிக்கும் அடிச்சுரம் மட்டும்தான். அதன் கீழே உள்ள எண், அடிச்சுரத்திலிருந்து எத்தனையாவது சுரத்தைச் சேர்க்கவேண்டும் என்று சொல்லும். மீதியை வலக்கை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்.

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் இன்பராஜுக்கு விளங்கிவிட்டது. "அப்ப, எழுதுனவரு பாதி வேலைய எந் தலையில கட்டிட்டாரு."

சாயங்காலம் ஐந்துக்குள் வீடியோ மதுரை இசைப்பள்ளிக்குப் போயாக வேண்டும். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சாக வாசித்திருக்க வேண்டும். பிடித்தால் டீச்சர் வேலை. இல்லாவிட்டால் அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் பில் போடுவதே கதி.

எண் தகராறு தீர்ந்தது. பக்கத்து வீட்டு விசைத்தறிதான் 'சடக் சடக்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

"தவசிண்ணே, கொஞ்ச நேரம் தறிய நிப்பாட்டுவீகளா?"

தவசி தலையைச் சொறிந்தார். "நெசமாத்தான் சொல்றியா தாயி?"

"ஆமாண்ணே. வீடியோ எடுக்கணும்."

தறி நின்றது. மெதுவான முதல் பகுதி தேனாக வந்தது. வேகமான இரண்டாம் பகுதியில் குழல் ஓட ஆரம்பித்தது. அதில் மூச்சை இடையிடையே திருடித்தான் எடுக்கவேண்டும். மூச்சு தீர்ந்துவிடுமோ என்ற பயம் வந்தால் விரல் முந்தும். விரல் முந்தினால் மூச்சுக்கு இடமே கிடைக்காது.

"பஸ்ஸு போயிருமா சத்யா? எதுக்கு இந்த ஓட்டம்?"

"நீதான் இழுக்குற!"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. பழி அதன்மேல் விழுந்தது. சத்தமில்லாத இடம் தேடி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, இன்பராஜின் பைக்கில் பக்கத்து ஊரான பரளச்சிக்குப் போனாள். அவன் மாமாவின் சோளக்காட்டு மோட்டார் ரூமில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. அங்கே அவள் வாசித்த வேகத்தில் இன்பராஜ் தாளில் ஒரு முழுப் பக்கம் பின்தங்கினான். அடுத்த தடவை நேராகக் கடைசி வரிக்குத் தாவி உட்கார்ந்துகொண்டான்.

"நீ வந்து சேரு. நான் இங்ஙனயே நிக்கேன்."

அவளுக்கு அழுகை வந்தது. "இத்தன நாளும் வீட்டுல ஒழுங்காத்தான் வாசிச்சேன் இன்பா!"

"வீட்டுல எப்படிப் பழகுன?"

"எப்பவும் போலத்தான். அந்தத் தறிச் சத்தத்துலயே..." சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது.

பைக் திரும்பப் பறந்தது.

"தவசிண்ணே, தறிய ஓட்டுங்க! வேகமா!"

தவசி துள்ளி எழுந்தார். சடக் சடக். அந்தச் சத்தத்தின்மேல் கால் ஊன்றி நடப்பதுபோல் நடந்தது குழல். மூச்சு வரவேண்டிய இடத்தில் வந்தது. இன்பராஜின் வலக்கை சிரித்துக்கொண்டே பின்தொடர்ந்தது. ஒரே தடவை. ஐந்து அடிக்குமுன் வீடியோ போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் வேலைக்கு வரச்சொல்லி மதுரையிலிருந்து போன் வந்தது. சத்யபிரியா சேவுப் பொட்டலத்தோடு தவசி வீட்டுக்கு ஓடினாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. அன்னைக்கு நிப்பாட்டு, ஓட்டுன்னு ஒங்க வேலையவே கெடுத்துட்டேன்."

தவசி அசடு வழிந்தார். அவர் மனைவி பேச்சிதான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"என்னத்த வேலை? தறியில நூலே இல்ல, போன மாசத்துல இருந்து. சத்தம் நின்னா புள்ள தடுமாறுதுன்னு, இந்த மனுசன் வெறுந்தறியத்தான் ஓட்டிக்கிட்டுக் கெடக்காரு!"