கெட்டுவின் மோப்பத் தீர்க்கதரிசி

வியாழக்கிழமை என்றால் லாகோஸ் நகரத்துக் கெட்டுவில் கூட்டத்தால் பேருந்து நகராது. காரணம், ஒரு மூக்கு.

அந்த மூக்கு தீர்க்கதரிசி எசேக்கியாவின் முகத்தில் இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரண மூக்குதான். இரண்டு துவாரம், சளி பிடித்தால் ஒழுகும். ஆனால் லாகோஸில் யார் வீடு வாங்குவதானாலும் பத்திரத்தை முதலில் அந்த மூக்குக்குக் கீழே நீட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. உறையைப் பிரிக்கக்கூட மாட்டார். "எழுத்து ஏமாத்தும், வாடை ஏமாத்தாது" என்பார். கண்ணை மூடி ஓர் இழுப்பு. "சுத்தம்" என்றால் வாங்கலாம். "ரத்த வாடை" என்றால் ஓடிவிட வேண்டும். வக்கீல் வேண்டாம், சர்வேயர் வேண்டாம், பதிவு அலுவலகத்துப் படி ஏற வேண்டாம். பரலோகமே நேரடியாகச் சான்று கொடுக்கும்போது கீழே இருக்கிறவன் கையெழுத்து எதற்கு?

ஜனங்களின் பயத்தில் நியாயம் இருந்தது. வீட்டுக்காரன் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் வீட்டை எவனோ மூன்று பேருக்கு விற்றுவிடுகிற நகரம் அது. தெருவுக்கு நாலு சுவரில் 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று சிவப்பு வண்ணத்தில் எழுதியிருப்பார்கள். உள்ளே குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும், வெளியே சுவர் அப்படிக் கத்திக்கொண்டிருக்கும். பயந்தவன் விசாரிக்க வேண்டும். விசாரிக்க அலைய வேண்டும். மூக்குக்கோ காணிக்கை கட்டினால் போதும், ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியும் ஒரு போத்தல் தேனும் சேர்த்து.

மொரெனிகேயும் கட்டினாள். அவள் விருந்துச் சமையல்காரி. முஷினில் பதினாலு அறைக்கு ஒரே கழிப்பறை உள்ள வாடகைக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருஷமாக, விடிந்தால் வாளியோடு வரிசையில் நிற்கிறவள். முன்னால் நிற்கிறவன் உள்ளே போய்ப் பாட்டுப் பாடினால் அன்றைக்கு அவளுக்கு நாள் முழுக்க எரிச்சல். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: தன் கழிப்பறை, அதற்குத் தன் சாவி. அதற்காகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடுப்புப் புகையில் நின்று சேர்த்த பணம் முழுவதும் இப்போது கையில் இருந்தது.

இகொரொதுவில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர், பா லாமிடி என்று பெயர், தன் இரண்டு அறை வீட்டை விற்பதாக இருந்தார். நல்ல வீடு. மொரெனிகே அவரிடம் பத்திர நகல் வாங்கிக்கொண்டு மூக்குக்குப் போனாள்.

தீர்க்கதரிசி மோந்தார். முகம் சுளித்தார். இரண்டு அடி பின்வாங்கினார்.

"ரத்தம் மகளே! கொலை நடந்த மண்ணு!"

கூட்டம் 'ஆ' என்றது. பா லாமிடி வாழ்க்கையில் கொன்றது கொசுவைத்தான், அதிலும் பாதி தப்பித்துவிடும். ஆனால் மூக்கு சொன்ன பிறகு மேல்முறையீடு உண்டா?

ஜெபக்கூடத்து வாசலிலேயே தரகர் ஒருவர் காத்திருந்தார். பிரதர் டோயோசி. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பழுப்பு உறைகள். "அக்கா, அழாதீங்க. கடவுள் ஒரு கதவ மூடினா அதே ஊர்ல இன்னொண்ணு வச்சிருப்பாரு" என்றார். தண்ணீர் பார்த்த வீடாம். தனிக் கழிப்பறை இரண்டாம். கட்டடம் பாதி நிற்கிறது, பணம் வந்தால் மூன்று மாதத்தில் சாவி.

அடுத்த வியாழன் அந்த உறை மூக்குக்குப் போனது. தீர்க்கதரிசியின் முகம் மலர்ந்தது.

"சுத்தம்! பரலோகத்து வாசனை அடிக்குது. பத்து நாளுக்குள்ள வாங்கிடு மகளே. வக்கீலு கிக்கீலுன்னு போய் ஆசீர்வாதத்தக் கலைச்சிடாத."

அவள் உறையை முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உண்மையாகவே ஒரு வாசனை அடித்தது. குளிர்ச்சியாக, கண்ணில் லேசாக நீர் வரும்படி. பரலோகம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

டோயோசிக்கு வெள்ளிக்கிழமை பணம் தருவதாகப் பேச்சு. புதன்கிழமை மொரெனிகேயின் கையால் சாப்பிட சிகிராத் வந்தாள். பள்ளிக்கூடத்துத் தோழி, உரிமம் பெற்ற சர்வேயர். வெயிலில் நிலம் அளந்து கறுத்த முகம், வாயில் வடிகட்டி கிடையாது. மொரெனிகே பெருமை தாங்காமல் உறையைப் பிரித்து நீட்டினாள். சிகிராத் ஒரு கையில் கோழிக்காலைப் பிடித்தபடியே மறு கையால் வரைபடத்தை வாங்கினாள். மூலையில் இருந்த எண்களைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். கோழிக்கால் தட்டுக்குத் திரும்பியது.

"மொரெனிகே, உனக்கு நீச்சல் தெரியுமா?"

"ஏன்டி?"

"உன் வீடு கழிமுகத்துக்குள்ள இருக்கு. கரையிலேர்ந்து முக்கால் மைலு. படுக்கையறையில மீன் புடிக்கலாம்."

"சும்மா இரு. டோயோசி என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். நான் சுவரத் தொட்டுப் பாத்தேன்."

"எவன் சுவரத் தொட்டியோ? அவன் காட்டினது ஒரு இடம், பத்திரத்துல எழுதினது வேற இடம். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன் கட்டணம் கொள்ளை" என்றாள் மொரெனிகே. "தீர்க்கதரிசி அப்பா மோந்து பாத்துச் சொல்லிட்டார்."

சிகிராத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மைல் பன்னிரண்டு சந்தையில ஒரு கூடை தக்காளி வாங்க என்ன பண்ணுவ?"

"தலைகீழா கொட்டிப் பாப்பேன். அழுகினத அடியில வச்சிருப்பானுங்க."

"தக்காளிக்குக் கூடையக் கவுக்கிற. இருபத்திரண்டு வருஷச் சம்பாத்தியத்துக்கு உறையக்கூடப் பிரிக்கல! அந்த ஆளு எதத்தான்டி மோந்தான்?"

மொரெனிகேயின் பார்வை உறைக்குப் போனது. அவளும் மூக்கால் பிழைக்கிறவள்தான். எண்ணெய் காறியதைப் பக்கத்துத் தெருவிலிருந்தே சொல்லிவிடுவாள். உறையை எடுத்துத் திருப்பித் திருப்பி மோந்தாள். வாசனை காகிதம் முழுக்க இல்லை. வலது கீழ் மூலையில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு.

"தைலம்" என்றாள் மெதுவாக. "மூக்கடைப்புக்குத் தடவுற பச்சை டப்பாத் தைலம்."

பா லாமிடியின் உறையை அலமாரியிலிருந்து எடுத்து மோந்தாள். காகித வாடை, கொஞ்சம் பழைய தபால் பசை. ரத்தமும் இல்லை, பரலோகமும் இல்லை. டோயோசி கொடுக்கிற உறைக்குத் தைலம், மற்றவன் உறைக்குச் சாபம். அவ்வளவுதான் வேதம். மொரெனிகேக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு டப்பாத் தைலத்துக்குத் தன் வாழ்நாளைக் கொடுக்க இருந்தோமே என்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "வெள்ளிக்கிழமை பணம் கிடையாது. ஆனா நாளைக்கு வியாழன்" என்றாள். சிகிராத் காலையில் முதல் வேலையாகப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள்.

அன்று மாலை ஜெபக்கூடத்தில் நிற்க இடமில்லை. மொரெனிகே ஒரு பழுப்பு உறையை நீட்டினாள்.

"அப்பா, இன்னொரு கட்டடம் விலைக்கு வந்திருக்கு. பெரிய இடம். ஒரு வார்த்தை சொல்லுங்க."

தீர்க்கதரிசி கண்ணை மூடி இழுத்தார். முகம் மலர்ந்தது.

"சுத்தம்! விக்கிறவன் உத்தமன். உடனே வாங்கு!"

"உள்ள ஆளுங்க குடியிருக்காங்களே அப்பா?"

"பொறம்போக்குப் பசங்க. பொருளைத் தூக்கித் தெருவுல போடு!"

கூட்டம் ஆமென் என்று அதிர்ந்தது. மொரெனிகே உறையைப் பிரித்து, முன்வரிசையில் முறைக்குக் காத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் கொடுத்தாள். "ஐயா, பதிவு அலுவலகத்துல எடுத்த நகல் இது. முகவரிய மட்டும் சத்தமா படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கதவு எண், தெருப் பெயர், கெட்டு. படித்துவிட்டுத் தலையைத் தூக்கி வாசலுக்கு மேலிருந்த கதவு எண்ணைப் பார்த்தார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அதே எண்.

"இது... இந்தக் கட்டடம்தானே? உரிமையாளர்னு தீர்க்கதரிசி பேருதான் போட்டிருக்கு."

"ஆமா. உத்தமர் விக்கிறார்னு அவரே சொல்லிட்டாரு" என்றாள் மொரெனிகே. "அப்பா, பொருளை நீங்களே எடுத்துக்கிறீங்களா, நான் தூக்கித் தெருவுல போடட்டுமா?"

"சாத்தான்! சாத்தான் வாசனைய மாத்திட்டான்!"

"அந்தச் சாத்தானத்தான் பஸ்ல கூவிக் கூவி விக்கிறாங்களே" என்று பச்சை டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "இந்த உறைக்கு நான்தான் தடவினேன். டோயோசி கொடுத்த உறை வச்சிருக்கிறவங்க எல்லாரும் மோந்து பாருங்க. வலது கீழ் மூலை."

இருநூறு பேர் ஒரே நேரத்தில் உறையை மோந்த சத்தம் கேட்டது. ஜெபக்கூடத்தில் அப்படியொரு பக்தியான மூச்சை யாரும் அதுவரை இழுத்ததில்லை. பின்வரிசையில் ஒருவர் தும்மினார். பிரதர் டோயோசி ஒரு செருப்பை மட்டும் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஆசிரியர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். பாவம், ஒரு தாளைக் கையில் கொடுத்தால் கடைசிவரை படிக்கிற பழக்கம்.

"இங்க பாருங்க. பத்திரம் எழுதினது ஒரு வக்கீல், கையெழுத்து இருக்கு. நிலத்த அளந்து வரைபடம் போட்டது ஒரு சர்வேயர், முத்திரை இருக்கு. வில்லங்கம் பாத்த தேதி வரைக்கும் இருக்கு."

மொரெனிகே தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "எங்க வீட்டுக்கெல்லாம் மூக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் வக்கீலா?"

தீர்க்கதரிசி மூக்கைத் துடைத்தார். அது ஒழுகத் தொடங்கியிருந்தது.

அவள் மறுநாளே பா லாமிடி வீட்டுக்குப் போனாள். சேதி கேட்டிருந்த கிழவர் அவளை வாசலிலேயே நிற்க வைத்து, "கொலைகாரன் வீட்டுக்கு எதுக்கும்மா வந்த?" என்று அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவளும் வாங்கிக்கொண்டாள். பிறகு சிகிராத் அளந்தாள், ஒரு வக்கீல் பதிவேட்டைத் தோண்டினார், இருவரும் கட்டணமும் வாங்கினார்கள். மொரெனிகே முனகிக்கொண்டேதான் கொடுத்தாள். இப்போது அவள் விடிந்த பிறகு எழுந்திருக்கிறாள். கழிப்பறைக்குள் போனால் பாட்டுப் பாடுகிறாள்.

கெட்டுவில் தீர்க்கதரிசியின் சுவரில் சிவப்பு வண்ணத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு வரி ஏறியிருக்கிறது: 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல.' எழுதியது அவர் சீடர்களேதான். காணிக்கையைத் திரும்பக் கேட்டு வந்தவர்களில் நாலு பேர், 'வாங்கிடு' என்று மூக்கே சொன்ன கட்டடமாயிற்றே என்று அளவுநாடாவும் கொண்டுவந்துவிட்டார்களாம்.

கூட்டம் கலைந்து, பேருந்துகள் நகர ஆரம்பித்துவிட்டன. நேராக ஒஷோடிக்குப் போகின்றன. அங்கே புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம். மோந்து பார்ப்பதெல்லாம் மோசடியாம், அவர் பத்திரத்தை நாக்கால் நக்கிப் பார்த்துச் சொல்கிறாராம். போகிறவர்கள் போகட்டும். அவர் நக்குவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள்.