மீசை வைத்த பெண்பால்

நான்காம் வகுப்பில் என் மகள் கயல் இந்திக் கட்டுரைக்குப் பத்துக்கு மூன்று வாங்கியதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அவள் பாட்டுக்கு எழுதியிருந்தால் ஒன்பதாவது வாங்கியிருப்பாள்.

அந்த வருடம் பள்ளியில் கூட்டம் போட்டு, பெற்றோர் தினமும் கூட உட்கார்ந்தால் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறும் என்றார்கள். மறுநாளே ஆபீஸிலிருந்து சீக்கிரம் மெட்ரோ பிடித்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். (அதுவரை அவள் எந்த செக்‌ஷன் என்றுகூட எனக்குத் தெரியாது.)

விருதுநகரிலிருந்து டெல்லி வந்து பன்னிரண்டு வருடமாகியும் என் இந்தி ஆட்டோ பேரத்தைத் தாண்டவில்லை. இலக்கணத்தில் ஒரே விதி தெரியும்: 'ஈ' என்று முடிந்தால் பெண்பால். மயூர் விஹார் பார்க்கில் விளையாடியே இந்தி கற்றவளுக்கு அதை வைத்துப் பாடம் எடுத்தேன்.

தலைப்பு 'என் அப்பா'. "மேரே பிதாஜி ஆபீஸ் ஜாதே ஹைன்", அதாவது என் அப்பா ஆபீஸ் போகிறார் என்று எழுதியிருந்தாள்.

"பிதாஜீ... ஈ-யில முடியுதுல்ல? அப்ப மேரீ, ஜாதீன்னுதான் வரணும்."

"அப்பா, நீங்க ஜென்ட்ஸ்ப்பா."

"இந்தியில மீசையே பெண்பால். அப்பா மட்டும் எப்படித் தப்ப முடியும்?" (மீசை விஷயம் உண்மை. அந்த ஓர் உண்மைதான் என்னைக் கெடுத்தது.)

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அச்சாப்பா" என்று ரப்பரை எடுத்தாள். இரண்டு பக்கம் முழுக்க நான் பெண்ணானேன்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் டீச்சர் நோட்டை என் முன் விரித்தார். எங்கு பார்த்தாலும் சிவப்பு வட்டம். "நல்லா இந்தி பேசுற பிள்ளை, இதுல மட்டும் ஏன் இப்படி?" என்று இந்தியில் கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள் கயலே இந்தியில் பதில் சொல்லிவிட்டாள்.

"தப்புன்னு தெரியும் மேம். பப்பா அன்னிக்குத்தான் முதல் தடவையா என்கூட உக்காந்தாங்க. தப்புன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு நினைச்சேன்."

அன்றைக்குப் பார்த்து எனக்கு இந்தி ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"தினமும் உட்காருங்க. பென்சிலை மட்டும் அவகிட்டயே விட்டுடுங்க" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து அவள் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து காய் நறுக்குகிறேன். இப்போது பத்தாம் வகுப்பு. இந்தியில் தொண்ணூறுக்குக் கீழே இறங்குவதில்லை. அதில் என் பங்கு வெண்டைக்காய் மட்டும்தான்.

ஆனாலும் சாயங்காலம் நான் காலிங் பெல்லை அழுத்தினால், உள்ளே அவள் குரல் கேட்கிறது.

"அம்மா, அப்பா வந்துட்டா பாரு."