நான் நலமென்று சொன்ன கைபேசி

முப்பத்தோராவது வருட மணவாழ்வில் நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை இனி நானே சொல்வதில்லை.

காரணம் விளங்க வேண்டுமானால் என் தொழில் தெரிய வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நாய் வளர்த்தேன். குரைக்காத நாய். ஒரு கருவிக்கு மூளையாக இருக்கும் சில்லின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுற்று அது. சில்லு குறித்த நேரத்துக்கொரு முறை அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டு வரவில்லையா, சில்லுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாய் முடிவு செய்துவிடும். யாரையும் கேட்காது. சில்லின் ஓட்டத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கும்.

இதில் ஒரு மகாபாவம் உண்டு. தட்டிக்கொடுக்கும் வேலையைத் தனியாக ஒரு கடிகாரத்திடம் ஒப்படைப்பது. அப்புறம் சில்லு செத்துக் கிடக்கும், கடிகாரம் தட்டிக்கொண்டே இருக்கும், நாய் நிம்மதியாகத் தூங்கும். இந்தப் பிழையைச் செய்த இளம் பொறியாளர்களை நான் அழ வைத்திருக்கிறேன். ஒருத்தி வேலையையே விட்டுவிட்டு யோகா சொல்லித் தரப் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற மாதமே இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய அன்று என் மனைவி கியோக் கெங் சட்டம் போட்டாள். ஆயர் ஈத்தாமில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவள். நானூறு பிள்ளைகளை ஒரே கரண்டியால் ஆள்கிறவள்.

"மணிக்கு ஒரு தடவை மெசேஜ் போடணும். நல்லா இருக்கேன்னு."

"போடலேன்னா?"

"பத்து நிமிஷம் பாப்பேன். அப்புறம் ஆள் வரும்."

"நான் என்ன சில்லா?"

"சில்லு சொன்ன பேச்சைக் கேக்குமே."

ஒரு மதியம் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது சாய்வு நாற்காலியைச் சுற்றி ஆறு தீயணைப்பு வீரர்கள். நான் துண்டில். வெட்டிய கேட்டை இன்றும் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறோம்.

அன்றைக்கு எடுத்ததுதான் அந்த முடிவு. கைபேசியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மணிக்கொரு முறை அதுவே செய்தி அனுப்பும். இரண்டு நிமிடம் முன்னே பின்னே, நடுநடுவே ஓர் எழுத்துப்பிழை. இயல்பாக இருக்கட்டும் என்று ஒரு மணிக்கு 'நீ சாப்பிட்டியா?', ஐந்து மணிக்கு 'ரொம்பக் களைப்பா இருக்கா?' என்றும் சேர்த்தேன். கைபேசியை மேசைமேல் மின்சாரத்தில் செருகிவைத்தேன். நான் பாட்டுக்குக் கடைத்தெருவில் பன்றிக் கொழுப்பில் வதக்கிய குவே தியாவ் நூடுல்ஸ் தின்றேன். ஆம், மகாபாவம்தான். மூன்று மாதம் மிக ருசியாக இருந்தது.

போன புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் குளியலறைக்குள் போனேன். வெளியே வரத் திருகியபோது கதவின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

தட்டினேன். உதைத்தேன். ஜன்னல் எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு வெளியே 'டிங்'. என் கைபேசி நான் நலம் என்று சொன்னதற்கு அவள் போட்ட பதில். பதினொன்றுக்கு ஒரு 'டிங்'. பன்னிரண்டுக்கு ஒன்று. நெஞ்சில் லேசாக இறுகியது. பயமா, அடைப்பா? இங்கேயே விழுந்தால் யாருக்குத் தெரியும்? மேசைமேல் நான் பரிபூரண நலம். மின்சாரம் இருக்கும்வரை நலம். அழுகிப்போனாலும் மணிக்கொரு முறை நலம். ஒரு மணிக்கு நான் அவளைச் சாப்பிட்டியா என்று விசாரிக்கக்கூடச் செய்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். 'டிங்' என்றது.

மணி நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. கையில் திருப்புளியோடு என் நாய் நின்றது. அதாவது, என் மனைவி.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பக்கத்து வீட்டு மக்சிக் ரொஹாயா போன் பண்ணாங்க. உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு என்னைத் திட்டலியேன்னு."

மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் அந்த மலாய்க்கார அத்தை தினமும் பத்து மணிக்குப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவார். சேற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் வரும். நான் போய்ச் சண்டை பிடிப்பேன். ஒரு நாள் தவறியதில்லை.

"அவங்ககிட்ட நான்தான் சொல்லிவெச்சிருந்தேன். என்னிக்குச் சத்தம் வரலியோ அன்னிக்கு உடனே கூப்பிடுங்கன்னு."

"எப்போலேர்ந்து?"

"மூணு மாசமா."

எனக்கு மறுபடி அந்த வாளி தேவைப்பட்டது. உட்கார்ந்தேன்.

"அப்ப நிரல் விஷயம்?"

"மொத நாளே தெரியும். கல்யாணமாகி ஒரு தடவையாவது என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா? கேட்டுதேன்னு பயந்தே போயிட்டேன். வேற யாரோ உங்க போனைத் திருடிட்டாங்கன்னு நினைச்சேன்."

"சரி, மக்சிக் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?"

"பத்தேகாலுக்கு."

"பத்தேகாலுக்கா! இருபது நிமிஷ தூரம்! நான் உள்ளே செத்திருந்தா?"

"ஜன்னலோரம் போய்க் கேக்கச் சொன்னேன். 'கத்தறாரு'ன்னாங்க. 'என்ன கத்தறாரு'ன்னேன். 'கதவைச் செஞ்சவனோட பரம்பரையைத் திட்டறாரு'ன்னாங்க. அப்ப நல்லாத்தான் இருக்காரு, அரை மணிக்கு ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வாங்கன்னேன். மதிய வகுப்புப் பிள்ளைங்களுக்கு மீகூன் சேமியா வதக்கிப் போட்டுட்டு வந்தேன்."

"அவங்க அங்க நின்னு கேட்டுட்டு ஒரு வார்த்தை பதில் சொல்லலியே!"

"தினம் கேக்கறதுதானேன்னு விட்டிருப்பாங்க."

"இயந்திரம்னு தெரிஞ்சும் மூணு மாசமா அதுக்கு ஏன் பதில் போட்டே?"

திருப்புளியைத் துணியால் துடைத்தாள்.

"யாரோ கேட்டாங்கல்ல. சாப்பிட்டியான்னு. அப்ப பதில் சொல்லணும்ல."

எனக்கு எங்கேயோ குத்தியது. ஸ்டென்ட் வைத்த இடமில்லை.

"அந்த நிரலை இப்பவே அழிச்சிடறேன். இனிமே நானே கேக்கறேன்."

"கேளுங்க."

எதிரே வந்து நின்றாள். நிஜமாகவே காத்திருந்தாள். முகத்தில் எண்ணெய்ப் புகை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. எனக்குள் முப்பத்தோரு வருடம் ஓடாத நிரல். ஓட வைக்கப் பார்த்தேன்.

"நீ..."

"ம்?"

"நீ வாங்கின வாளி சரியில்ல. விளிம்பு குத்துது."

மணி ஐந்து. அவள் பையில் 'டிங்' என்றது. எடுத்து, 'ரொம்பக் களைப்பா இருக்கா?' என்று படித்தாள், "ஆமாம், ரொம்பவே" என்று எழுதி அனுப்பிவிட்டு, பையிலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.